பதில் சொல்லாத வழக்கறிஞரால் பாட்டாளிக்கு என்ன பயன்?



தோட்டப்புறத்தில் ஒரு வீட்டுப் பிள்ளையைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டால், அந்த வீட்டார் முதலில் ஓடுவது கோயிலுக்கு. அடுத்தபடியாக வருவது தொழிற்சங்கக்காரனிடம். அதன் பிறகுதான் வழக்கறிஞர். அந்த வழக்கறிஞரைப் பற்றி நம் ஆட்கள் கேட்கும் கேள்விகள் இத்தனை வருஷத்தில் மாறவே இல்லை. "பெரிய லாயருங்களா?" "இங்கிலீஷ் நல்லா வெளுத்துக் கட்டுவாருங்களா?" "எத்தன வெள்ளி கேப்பாரு?" இந்த மூன்றோடு முடிந்துவிடும். "கூப்பிட்டா பதில் சொல்லுவாருங்களா?" என்று கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

என்னைக் கேட்டால் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்க வேண்டும். இங்கிலீஷ் அப்புறம். ஆபீஸ் பெரிசா சின்னதா என்பது அதற்கும் அப்புறம். கிரிமினல் வழக்கில் மாட்டிக்கொண்ட ஏழைக்கு, பதில் சொல்கிற வழக்கறிஞர்தான் நல்ல வழக்கறிஞர். பதில் சொல்லாதவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் பூட்டிய கடைக்குள் இருக்கும் மருந்து மாதிரிதான். மருந்து நல்ல மருந்தாக இருக்கலாம்; நோயாளிக்கு என்ன லாபம்?

இதை மரியாதைப் பிரச்னை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். "லாயர் போன எடுக்கல, நம்மள மதிக்கல" என்ற மனக்குறை மட்டும்தான் என்றால் அதற்கு ஒரு கட்டுரை தேவையில்லை. இது மணிக்கணக்கும் நாள் கணக்கும் சம்பந்தப்பட்ட விஷயம். கிரிமினல் சட்டத்தில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கெடு இருக்கிறது. அந்தக் கெடு முடிவதற்குள் பேச வேண்டியவர் பேசாமல் இருந்தால், அதற்கு விலை கொடுப்பவன் உள்ளே இருப்பவன்.

சட்டம் காத்திருக்கும், கொஞ்ச நேரம்தான்

நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, கைதானவனுக்குச் சில உரிமைகளைத் தந்திருக்கிறது. எதற்காகப் பிடித்தார்கள் என்று அவனிடம் சொல்ல வேண்டும். அவன் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். மாஜிஸ்திரேட் அனுமதி இல்லாமல் அதற்கு மேல் அடைத்து வைக்கக்கூடாது.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவு இதை இன்னும் விளக்கமாகச் சொல்கிறது. விசாரணையைத் தொடங்குவதற்கு முன்பே, "உன் சொந்தக்காரருக்குத் தகவல் சொல்லலாம், வழக்கறிஞரோடு பேசலாம்" என்று போலீஸ் அவனிடம் சொல்ல வேண்டும். வழக்கறிஞர் வந்தால் இருவரும் பேசுவதைப் போலீஸ்காரர் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கக்கூடாது. வழக்கறிஞர் வந்து சேரும் வரை நியாயமான நேரத்துக்கு விசாரணையைத் தள்ளிப்போட வேண்டும். சில சூழ்நிலைகளில் இவற்றை மறுக்கவும் போலீசுக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

"நியாயமான நேரம்" என்ற சொல்லைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். சட்டம் வழக்கறிஞருக்காகக் காத்திருக்கிறது. ஆனால் நாள் முழுக்கக் காத்திருக்காது. வழக்கறிஞர் வரவில்லை, போனும் எடுக்கவில்லை என்றால் நேரம் போனது போனதுதான்; விசாரணை ஆரம்பமாகிவிடும். நம் பையன் தனியாக உட்கார்ந்து பதில் சொல்வான். எதற்குப் பதில் சொல்லலாம், எதற்குச் சொல்லாமல் இருக்கலாம் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்காது. தன்னையே குற்றவாளியாக்கும் கேள்விக்குப் பதில் சொல்ல மறுக்கலாம் என்பதுகூட நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அடுத்தது ரிமாண்டு. 117ஆவது பிரிவின்படி, 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத்தண்டனை உள்ள குற்றமானால் முதல் தடவை 4 நாள் வரைக்கும், இரண்டாவது தடவை 3 நாள் வரைக்கும் மாஜிஸ்திரேட் அனுமதிக்கலாம். 14 ஆண்டும் அதற்கு மேலும், அல்லது மரணதண்டனை என்றால் 7 நாளும் இன்னொரு 7 நாளும். 2012இல் வந்த சோஸ்மா போன்ற தனிச் சட்டங்களில் கணக்கே வேறு; அங்கே பேச்சு 28 நாள் என்று போகும்.

இங்கே எல்லாரும் கவனிக்க வேண்டியது "வரைக்கும்" என்ற வார்த்தை. போலீஸ் 4 நாள் கேட்டால் 4 நாளும் கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எத்தனை நாள் என்று முடிவு செய்யும் முன், கைதானவனோ அவன் வழக்கறிஞரோ சொல்வதை மாஜிஸ்திரேட் கேட்க வேண்டும் என்றுதான் அதே பிரிவு சொல்கிறது. ஆக, அந்தக் காலை நேரத்தில் ஒரு வழக்கறிஞர் எழுந்து நின்று, "இவர் நிலையான வேலையில் இருப்பவர், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, விசாரணைக்கு ஒத்துழைக்கிறார், இரண்டு நாள் போதும்" என்று சொன்னால் 4 நாள் 2 நாளாகலாம். ஆகாமலும் போகலாம். ஆனால் சொல்ல ஆளே இல்லை என்றால்? பயந்துபோன பையன் தலையைக் குனிந்து நிற்பான். கேட்டது கேட்டபடி கிடைத்துவிடும்.

ஏழு நாளில் என்னென்ன போகும்?

என் வட்டாரத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர், ஊர், தோட்டம் எதுவும் வேண்டாம். அந்தக் குடும்பம் நிம்மதியாக இருக்கட்டும்.

செம்பனைக் குலை வெட்டும் இளைஞர். தோட்டத்தில் ஒரு லோரி குலை காணாமல் போயிற்று. யாரோ அவர் பெயரைச் சொல்ல, வியாழக்கிழமை இரவு வீட்டுக்கு வந்து பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய அம்மா நகையை அடகு வைத்து, பட்டணத்தில் ஒரு வழக்கறிஞரிடம் 3,000 வெள்ளி கட்டினார். "நான் பார்த்துக்கிறேம்மா, கவலப்படாம போங்க" என்று அவர் சொன்னார். அதுதான் அந்தம்மா அவர் வாயிலிருந்து கேட்ட கடைசி வார்த்தை.

வெள்ளிக்கிழமை காலை கோர்ட்டுக்கு அவரும் வரவில்லை, அவர் அனுப்பிய ஆளும் வரவில்லை. 4 நாள் ரிமாண்டு. போன் போட்டால் ஆபீஸ் பெண், "சார் கோர்ட்ல இருக்காரு" என்றார். மாலையில் போட்டால், "சார் கிளம்பிட்டாரு". திங்கட்கிழமை போட்டால், "சார் மீட்டிங்ல இருக்காரு". நாலு நாள் முடிந்து இன்னொரு 3 நாள் கேட்டபோதும் பேச ஆள் இல்லை. அதுவும் கிடைத்தது.

இதில் வயிறு எரியும் சங்கதி என்ன தெரியுமா? குலை திருடு போன அன்று ராத்திரி அந்த இளைஞர் மாவட்ட ஆஸ்பத்திரியில் இருந்தார். மனைவிக்கு நெஞ்சுவலி என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார். நேரம் போட்ட ஆஸ்பத்திரிச் சீட்டு வீட்டு அலமாரியில் கிடந்தது. வழக்கறிஞர் முதல் நாளே, "அன்னிக்கு ராத்திரி எங்கப்பா இருந்த?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால், அல்லது அந்தம்மாவின் ஒரு அழைப்புக்குப் பதில் சொல்லியிருந்தால், அந்தச் சீட்டு விசாரணை அதிகாரி கைக்கு வெள்ளிக்கிழமையே போயிருக்கும். ஏழாம் நாள்தான் போயிற்று. அதையும் கொண்டுபோய்க் கொடுத்தது அந்த மனைவிதான். குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் விட்டுவிட்டார்கள்.

"வெளிய வந்துட்டாருல்ல, அப்புறம் என்ன?" என்று கேட்பீர்கள். வெளியே வந்தவர் கையில் தோட்ட நிர்வாகத்தின் கடிதம் இருந்தது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 15ஆவது பிரிவை நம் தொழிலாளர்கள் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். முன் அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமல் இருந்தால், தொழிலாளி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதாகக் கருதலாம் என்கிறது அது. நியாயமான காரணம் இருந்து, அதை முதலாளிக்குத் தெரிவித்திருந்தாலோ தெரிவிக்க முயன்றிருந்தாலோதான் தப்பிக்கலாம். லாக்கப்பில் இருப்பவன் எப்படித் தெரிவிப்பான்? வெளியே இருக்கும் வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். அல்லது, "நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்துடுங்க" என்று குடும்பத்துக்காவது சொல்லிக்கொடுக்க வேண்டும். யாரும் சொல்லவில்லை. கிராணியிடம் போய் நிற்க வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டாரும் சும்மா இருந்துவிட்டார்கள்.

அப்புறம் நாங்கள் சங்கத்தின் வழியாகப் பேசி வேலையை மீட்டுக் கொடுத்தோம். எல்லாருக்கும் அப்படி அமையும் என்று சொல்ல முடியாது. வேலை நீக்கம் செய்யப்பட்டவர் தொழிலியல் உறவுச் சட்டத்தின் கீழ் 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். அதுவும் ஒரு கெடு. அதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் அந்த நாளும் கடந்துபோன குடும்பங்கள் உண்டு.

ஆக, ஒரு வழக்கறிஞர் ஒரு வாரம் பதில் சொல்லாததால் போனது என்ன? 3,000 வெள்ளி, ஏழு நாள் சம்பளம், கிட்டத்தட்ட வேலை, ஊரில் இருந்த நல்ல பெயர். இதற்குப் பெயர் மனக்குறையா?

மௌனம் இன்னும் எங்கெங்கே கடிக்கும்?

ரிமாண்டு முதல் படிதான். அதற்கு மேலே ஏற ஏற, பதில் இல்லாமையின் விலையும் ஏறிக்கொண்டே போகிறது.

ஜாமீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாமீன்தாரர் யார், எத்தனை வெள்ளி, ஐ.சி. வேண்டுமா, எந்த வங்கியில் கணக்குத் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொன்னால்தானே தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வருகிறவர் தயாராக வர முடியும்? பல கோர்ட்டுகளில் பணத்தை வங்கியில் போட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து ஒப்படைக்கச் சொல்கிறார்கள். மத்தியானம் மூன்று மணிக்குச் சொன்னால் வங்கிக்கு ஓடி வரிசையில் நின்று திரும்பி வருவதற்குள் கவுண்டர் மூடிவிடும். வெள்ளிக்கிழமையாக இருந்தால் திங்கட்கிழமை வரை உள்ளேதான். நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தும் ஒருவன் சிறையில் இருக்கிறான் என்றால், அவனை உள்ளே வைத்திருப்பது சட்டமா, சொல்லப்படாத ஒரு தகவலா?

"அன்று நான் அங்கே இல்லவே இல்லை" என்ற எதிர்வாதம் இன்னொன்று. அதைக் கோர்ட்டில் திடுதிப்பென்று எடுத்துவிட முடியாது. எங்கே இருந்தான், யார் சாட்சி, அந்தச் சாட்சியின் முகவரி என்ன என்பதை எல்லாம் எழுதி, வழக்கு விசாரணைக்கு முன்பே அரசுத் தரப்புக்கு அறிவிப்புக் கொடுத்தாக வேண்டும். கோயில் திருவிழாவில் கூட இருந்த நாலு பேரின் பெயரை அந்த வீட்டார் தயாராக வைத்திருந்தாலும், வாங்கிக்கொள்ள வழக்கறிஞர் கிடைக்கவில்லை என்றால் அந்த நாலு பேரும் இருந்தும் இல்லாதவர்களே.

மேல்முறையீடும் அப்படித்தான். கீழ்க்கோர்ட்டு தீர்ப்புச் சொன்ன நாளிலிருந்து 14 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். தீர்ப்பைக் கேட்டு அழுது, சொந்தபந்தத்திடம் கடன் கேட்டு, பணத்தைத் திரட்டிக்கொண்டு வருவதற்குள் பத்து நாள் ஓடிவிடும். மிச்சம் நாலு நாள். அந்த நாலு நாளும் "சார் ஊர்ல இல்ல" என்று கழிந்தால்?

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, களைத்துப்போய்க் குற்றத்தை ஒப்புக்கொள்வது. எத்தனையோ வீடுகளில் இதைக் கேட்டிருக்கிறேன்: "லாயரும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு, எத்தன தடவ கோர்ட்டுக்கு அலையறது, ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிரும்ணே." குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றவன், தண்டனை அதிகம் அல்லது சட்டப்படி சரியில்லை என்றுதான் மேல்முறையீடு செய்ய முடியும். "நான் செய்யவே இல்லை" என்று அப்புறம் சொல்ல அந்தக் கதவு திறக்காது. பதில் கிடைக்காத சலிப்பில் ஒருவன் தன் வாயாலேயே அந்தக் கதவைப் பூட்டிக்கொள்கிறான்.

வழக்கறிஞர் வந்தார், பேசினார், அத்தோடு கடமை முடிந்தது என்று இருப்பதும் போதாது. 2017 பிப்ரவரியில் கிள்ளானில் நடந்தது நினைவிருக்கும். காவலில் இருந்த நம் இனத்தவர் ஒருவருக்கு ரிமாண்டை நீட்டிக்க மாஜிஸ்திரேட் மறுத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னார். அன்றிரவே அந்த மனிதர் போலீஸ் நிலையத்தில் இறந்துபோனார். கோர்ட்டின் உத்தரவு கையில் இருந்தும் இந்தக் கதி. உத்தரவு வாங்கிய பிறகும் "என்ன ஆச்சு, ஆள் எங்கே?" என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்பதுதான் இதில் நமக்குள்ள பாடம். குடும்பம் கேட்டால் பதில் வராத இடத்திலும், வழக்கறிஞர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் அவர் விழித்திருக்க வேண்டும் என்கிறோம்.

வழக்கறிஞர் பக்கத்து நியாயம்

வழக்கறிஞர்களை மொத்தமாகத் திட்டிவிட்டுப் போவது நம் நோக்கமல்ல. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

காலையில் ஒரு கோர்ட்டு, மத்தியானம் இன்னொரு ஊரில் இன்னொரு கோர்ட்டு என்று ஓடுகிறார்கள். கோர்ட்டுக்குள் போனை எடுக்க முடியாது. ஒரே வழக்குக்கு அம்மா ஒரு தடவை, மாமா ஒரு தடவை, சித்தப்பா ஒரு தடவை என்று ஆறு பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் எந்த மனிதனுக்கும் சலிப்பு வரும். "என் மகன் சூதுவாது தெரியாதவன் சார்" என்று சொல்லிவிட்டு, அவன் மேல் ஏற்கெனவே இரண்டு கேஸ் இருப்பதை மறைத்துவிடும் குடும்பங்களும் நம்மில் உண்டு. பேசிய கட்டணத்தில் பாதியைக் கட்டிவிட்டு மறைந்து போகிறவர்களும் உண்டு. சட்ட உதவித் திட்டங்களில் வேலை செய்யும் இளம் வழக்கறிஞர்கள் சொற்பப் படிக்காகக் காலையிலிருந்து லாக்கப்பிலும் கோர்ட்டிலும் நிற்கிறார்கள். இதையெல்லாம் நான் கண்ணால் பார்த்தவன்.

ஆனாலும் நாம் என்ன கேட்கிறோம்? இருபத்து நாலு மணி நேரமும் போனைக் காதில் வைத்துக்கொண்டிருக்கச் சொல்லவில்லை. சாயங்காலம் ஒரு தகவல். "இன்னிக்குக் கோர்ட்ல இது நடந்துச்சு, அடுத்த தேதி இது, நீங்க கொண்டு வர வேண்டியது இது." மூன்று வரி. இப்போது எல்லார் கையிலும் வாட்ஸ்அப் இருக்கிறது. தமிழில் எழுத நேரமில்லை என்றால் அரை நிமிஷம் பேசி அனுப்பலாம். அதற்கும் முடியாவிட்டால், ஆபீஸில் தமிழ் தெரிந்த ஓர் ஆளிடம் விவரத்தைச் சொல்லி வைக்கலாம். கெட்ட செய்தியாக இருந்தாலும் பரவாயில்லை. கெட்ட செய்தியைத் தாங்கிக்கொள்ளும் பலம் நம் தாய்மார்களுக்கு உண்டு. செய்தியே இல்லாத ராத்திரிதான் அவர்களைத் தின்கிறது.

இன்னொரு குடும்பத்துக்குச் சட்ட உதவியில் கிடைத்தவர் ஓர் இளம்பெண் வழக்கறிஞர். ஒரு காசு வாங்கவில்லை. போலீஸ் 4 நாள் கேட்டது, அவர் வாதாடினார், 3 நாள் கொடுத்தார்கள். பெரிய வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கோர்ட்டு வாசலிலேயே அந்தப் பையனின் தாயாரை உட்காரவைத்து, "அம்மா, மூணு நாள் ஆகும். பையன் நல்லா இருக்கான், அடிபடல, நான் பாத்தேன். மருந்து சாப்பிடுறவன்னு எழுதிக் கொடுத்திருக்கேன். நாளைக்கே தோட்டத்து ஆபீஸ்ல இந்த லெட்டரக் குடுத்துடுங்க" என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு கடிதத்தால் பையனின் வேலை தப்பியது. வழக்கறிஞர் தொழிலின் மரியாதை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்டால், அந்தக் கோர்ட்டு வாசல் பெஞ்சில் இருக்கிறது என்பேன்.

நம் பெரியவர்கள் இன்றைக்கும் ஈப்போ சீனிவாசகம் சகோதரர்களின் பேரைச் சொல்கிறார்களே, ஏன்? டி.ஆர். சீனிவாசகம் 1969இலும் எஸ்.பி. சீனிவாசகம் 1975இலும் மறைந்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர்கள் நடத்திய கட்சி அரசியலை மறந்தவர்கள்கூட, ஏழை எளியவர்களின் வழக்குக்கு எழுந்து நின்றவர்கள் என்பதை மறக்கவில்லை. கோர்ட்டில் பேசிய இங்கிலீஷ் யாருக்கும் ஞாபகமில்லை. தேடிப் போனால் கிடைத்தார்கள் என்பதுதான் ஞாபகம்.

பணம் கட்டுவதற்கு முன்

புலம்பிக்கொண்டிருந்தால் போதாது. நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது.

வழக்கறிஞரிடம் பணம் கட்டும் முன் நாலு கேள்வி கேளுங்கள். கோர்ட்டுக்கு நீங்களே வருவீர்களா, வேறு ஆளை அனுப்புவீர்களா? நீங்கள் கிடைக்காத நேரத்தில் உங்கள் ஆபீஸில் யாரிடம் பேசலாம்? தகவல் எப்படி வரும், எத்தனை நாளுக்கு ஒரு தடவை வரும்? கட்டிய பணம் எது வரைக்கும், ரிமாண்டு வரைக்குமா, ஜாமீன் வரைக்குமா, வழக்கு முடியும் வரைக்குமா? இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை. ஐந்து வெள்ளிக்கு மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோம். மூவாயிரம் வெள்ளி கட்டும்போது வாயைத் திறக்க என்ன தயக்கம்? ரசீது கட்டாயம் வாங்குங்கள்.

இது நாமாகக் கண்டுபிடித்த நியாயம் அல்ல. 1978ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் ஒழுக்க விதிகளிலேயே, குறித்த நாளில் வந்து வாதாட முடியும் என்று நியாயமான நிச்சயம் இல்லாத வழக்கை ஏற்றுக்கொள்ளக் கூடாது என்று எழுதியிருக்கிறது. போதிய காரணமும் முன்னறிவிப்பும் இல்லாமல் பாதியில் விலகவும் கூடாது. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே அகப்படாவிட்டால், எழுத்து மூலம் வழக்கறிஞர் ஒழுங்கு நடவடிக்கை வாரியத்தில் புகார் செய்யலாம். வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் புகாருக்குப் பதில் வரும் வரை ரிமாண்டு நிற்காது. அதனால்தான் முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்கிறேன்.

பணம் இல்லாதவர்கள் வட்டிக்காரனிடம் ஓடுவதற்கு முன், தேசிய சட்ட உதவி அறவாரியத்தைத் தேடிப் போங்கள். 2011இல் அமைக்கப்பட்டு 2012 முதல் இயங்கிவரும் அமைப்பு அது. கைது, ரிமாண்டு, ஜாமீன், வழக்கு விசாரணை என்று கிரிமினல் விஷயங்களில் மலேசியக் குடிமக்களுக்கு வழக்கறிஞரை ஏற்பாடு செய்கிறது. வழக்கு விசாரணைக்கு வருமான வரம்பு பார்ப்பார்கள். அதை அங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையங்களும், அரசாங்கத்தின் சட்ட உதவித் துறையும் இருக்கின்றன. "இலவச லாயர்னா ஒழுங்காப் பாக்க மாட்டாங்க" என்று நம்மில் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். மேலே சொன்ன இரண்டு குடும்பத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் பக்கத்துக் கடமையையும் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு ஒருவர் மட்டும் வழக்கறிஞரோடு பேசட்டும். மற்றவர்கள் அவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். யார் பிடித்தார்கள், எந்த ஸ்டேஷன், எத்தனை மணிக்கு, விசாரணை அதிகாரி யார் என்பதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். சாட்சி, சீட்டு, ரசீது எதுவாக இருந்தாலும் முதல் நாளே எடுத்து வையுங்கள். உண்மையை மறைக்காதீர்கள், மறைத்த உண்மை கோர்ட்டில் வேறு வாயிலிருந்து வரும்போது வழக்கறிஞரால் ஒன்றும் செய்ய முடியாது. முக்கியமாக, பிடிபட்ட மறுநாளே தோட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் கொடுத்து, ஒரு பிரதியில் சாப் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் போங்கள். கைதானவன் எல்லாம் குற்றவாளி அல்ல; அதை எழுதிக் கொடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கிளைகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு கிளைத் தலைவரும் அடுத்த கூட்டத்தில் ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும். சட்ட உதவி அமைப்புகளின் தொலைபேசி எண்ணையும், கூப்பிட்டால் பதில் சொல்வார்கள் என்று நம் ஆட்கள் அனுபவத்தில் கண்ட இரண்டு மூன்று வழக்கறிஞர்களின் எண்ணையும் ஒரு தாளில் எழுதி, கோயில் வாசலிலும் கடையிலும் பாலர் பள்ளிச் சுவரிலும் ஒட்டுங்கள். தோட்டத்தை விட்டு வெளியேறி அடுக்குமாடி வீடுகளில் குடியிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். இன்றைக்குப் போலீஸ் வண்டி அதிகம் வருவது அங்கேதான். எந்த வழக்கறிஞர் பதில் சொன்னார், எவர் சொல்லவில்லை என்று கிளையில் ஒரு கணக்கும் வைத்திருங்கள். நல்லவரிடம் நாலு வழக்கு கூடுதலாகப் போனால் மற்றவர்களும் போனை எடுக்கக் கற்றுக்கொள்வார்கள்.

வழக்கறிஞர் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மேசையில் இருப்பது ஐம்பது கோப்புகளில் ஒன்று. அந்த வீட்டில் இருப்பது ஒரே ஒரு பிள்ளை. நீங்கள் எல்லா வழக்கிலும் ஜெயிக்க வேண்டும் என்று எந்தப் பாட்டாளியும் கேட்கவில்லை. தோற்றாலும் எதனால் தோற்றோம் என்று தெரிந்துகொண்டு அவன் வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான் அவன் உங்களை நாடி வருகிறான். தாலியை அடகு வைத்த பணத்தை உங்கள் மேசையில் வைப்பதும் அதற்காகத்தான். அந்தப் பணத்துக்கு நீங்கள் கொடுக்க வேண்டிய முதல் ரசீது, ஒரு பதில்.